கீரைக்குக் கீழே மீன்... மேலே அடைமழை! - வைப்பின் தீவில் ஒரு நாள்

மலையாளத்தில் 'இடவப்பாதி' என்பார்கள். இடவம் என்றால் நம் வைகாசி. அது பாதி கடந்ததும் அரபிக்கடலிலிருந்து கிளம்பி வரும் தென்மேற்குப் பருவமழைக்கு அந்தப் பெயர். எர்ணாகுளம் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. சென்னையோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்கு. அதிலும் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும்.

இப்படிப்பட்ட ஊரில், தண்ணீரையும் அதில் கரைந்திருக்கும் சத்தையும் அளந்து அளந்து நடத்த வேண்டிய ஒரு விவசாயத்தை, அதுவும் திறந்தவெளியில், யாராவது செய்வார்களா? வைப்பின் தீவில் செய்கிறார்கள். மீன் தொட்டியின் தண்ணீரிலேயே காய்கறி வளர்க்கும் அக்வாபோனிக்ஸ்தான் அது. அடைமழைக் காலத்தில் அது எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று பார்க்கத்தான் ஜூன் கடைசியில் குடையோடு கிளம்பினேன். வெயில் காலத்தில் போனால் எல்லாத் தோட்டமும் அழகாகத்தான் இருக்கும்.

எர்ணாகுளம் ஹைகோர்ட் ஜங்ஷனில் முனம்பம் பஸ் ஏறினால் கோஸ்ரீ பாலங்களைத் தாண்டித் தீவுக்குள் நுழைந்துவிடலாம். 2004-க்கு முன் படகுதான். தீவின் நீளம் இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல். அகலமோ பல இடங்களில் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். பஸ்ஸில் இடப்பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் தென்னந்தோப்புக்குப் பின்னால் கடல். வலப்பக்கம் உட்கார்ந்தால் காயல். செராய் கடற்கரைக்குப் போகிற பயணிகள் இந்தக் காட்சிக்காகவே வருகிறார்கள். வடகோடியில் பள்ளிப்புரத்தில் 1503-இல் போர்ச்சுகீசியர்கள் கட்டிய அறுகோணக் கோட்டை ஒன்றும் இருக்கிறது. பெயர்தான் கோட்டை. நம் ஊர்ப் பெரிய வீடு ஒன்றை விடச் சற்றே பெரிது.

1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறித் துறைமுகத்தை மண்மூடச் செய்ததோடு, கொண்டுவந்த மண்ணைக் கொட்டி இந்தத் தீவையும் உண்டாக்கியது என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 'வைப்பு' என்றால் வைத்தது, கொண்டுவந்து சேர்த்தது. தீவின் பெயரே அப்படி வந்ததுதான் என்கிறார்கள். வெள்ளம் வைத்த மண்ணில் வாழ்பவர்களுக்கு மழையைப் பற்றி நாம் பாடம் நடத்த முடியாது!

ஆனால், நாலாபுறமும் தண்ணீர் சூழ்ந்த இந்தத் தீவின் நெடுநாள் குறை குடிதண்ணீர்தான். கிணறு தோண்டினால் நாலைந்து அடியிலேயே நீர் ஊறும். பங்குனி, சித்திரையில் அதை வாயில் வைக்க முடியாது, உப்பு. அந்த உப்பை விரட்டுவது இடவப்பாதிதான். இந்தப் பகுதியின் பாரம்பரியப் பொக்காளி நெல்லும் அதை நம்பித்தான் பிழைக்கிறது. மழை கொட்டி வயலில் உள்ள உப்பைக் கழுவிக்கொண்டு போன பிறகு, ஜூன் வாக்கில் மேடு கட்டி நெல் விதைப்பார்கள். ஐப்பசி வாக்கில் கதிரை மட்டும் அறுத்துக்கொண்டு தாளை அப்படியே தண்ணீரில் விட்டுவிடுவார்கள். பிறகு மதகு திறந்து காயல் நீரை உள்ளே விட்டால் இறால் குஞ்சுகள் வரும். அழுகும் தாள்தான் அவற்றுக்குத் தீனிக்கு வழி செய்யும். இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு உரம். மீனும் பயிரும் ஒன்றை ஒன்று வளர்ப்பது இங்கே புதிய சங்கதியே இல்லை. புதிதாக வந்திருப்பது பம்பும் பைப்பும்தான்.

அந்தப் பம்பையும் பைப்பையும் இங்கே வீட்டுக் கொல்லைகளுக்குக் கொண்டுவந்ததில் பள்ளிப்புரம் கூட்டுறவு வங்கிக்குப் பங்கு உண்டு. 'எம்பெடா' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுத்தது. அந்த ஆணையத்தின் ஆராய்ச்சிப் பிரிவான ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்துக்குத் தலைமையிடம் நம் சீர்காழி!

மாஷின் கொல்லை

நான் போனது ஓய்வுபெற்ற ஒரு கெமிஸ்ட்ரி ஆசிரியர் வீட்டுக்கு. ஊரே அவரை 'மாஷ்' என்கிறது, நானும் அப்படியே கூப்பிட்டேன். பாலக்காட்டில் பல வருடம் வேலை பார்த்தவர், தமிழ் சரளமாக வருகிறது. அவர் மனைவியைச் சேச்சி என்றேன். சேச்சிக்கும் தமிழ் புரியும், ஆனால் பதில் மலையாளத்தில்தான் வரும்.

வீட்டின் பின்னால் வட்டமான தொட்டி. குறுக்களவு 3 மீட்டர், தண்ணீரின் ஆழம் 1 மீட்டர். கணக்குப் போட்டால் சுமார் 7,000 லிட்டர். உள்ளே 120 ஜிலேபிக் கெண்டைகள். பக்கத்தில் இடுப்பு உயர மேடைகளில் ஜல்லி நிரப்பிய பாத்திகள், எல்லாம் சேர்த்து 14 சதுர மீட்டர். மண் ஒரு கைப்பிடி கூடக் கிடையாது. ஜல்லிக்குள் வேரோடி வெண்டை, மிளகாய், பயறு, கீரை, தக்காளி நிற்கின்றன. தொட்டியிலிருந்து ஒரு பம்ப் தண்ணீரைப் பாத்திகளுக்கு ஏற்றுகிறது. பாத்தி நிரம்பியதும் 'பெல் சைஃபன்' என்கிற குழாய் மொத்தத் தண்ணீரையும் கடகடவென்று உறிஞ்சித் தொட்டிக்கே திருப்பி விடுகிறது. மறுபடி நிரம்பும், மறுபடி வடியும்.

நடக்கிற விஷயம் எளிமையானது. மீன் தின்கிறது, கழிவில் அம்மோனியா சேர்கிறது. அது கூடினால் மீனுக்கே விஷம். ஜல்லியில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட் செடிக்கு உணவு. செடி அதை எடுத்துக்கொள்ள, சுத்தமான தண்ணீர் மீனுக்குத் திரும்புகிறது. மாஷ் இதைச் சொல்லும்போது, "நான் மீன் வளர்க்கிறேன்னு ஊர்க்காரங்க நினைக்கறாங்க, மோளே. உண்மையில நான் வளர்க்கறது கண்ணுக்குத் தெரியாத அந்தக் கிருமிகளைத்தான். அதுக செத்தா மீனும் இல்லை, வெண்டைக்காயும் இல்லை" என்றார்.

எவ்வளவு மீனுக்கு எவ்வளவு பாத்தி என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 2014-இல் வெளியிட்ட சிறு அக்வாபோனிக்ஸ் கையேட்டில், கீரை வகைகளுக்கு ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் மீன் தீனி என்றும், காய்க்கும் செடிகளுக்கு 50 முதல் 80 கிராம் என்றும் வைத்திருக்கிறார்கள். தீனியை வைத்துத்தான் கணக்கு, மீனின் எண்ணிக்கையை வைத்தல்ல. மாஷின் 14 சதுர மீட்டருக்குத் தினமும் 700 கிராம் வாக்கில் தீனி. அதைத் தின்று தீர்க்க, வளர்ந்த மீன் 120 போதும். "கடையில ஆயிரம் குஞ்சு விடலாம்னு சொல்வாங்க. விடலாம். கரன்ட் போற முதல் ராத்திரி வரைக்கும்."

10 சென்டிமீட்டர் மழை என்ன செய்யும்?

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஓலைக் கொட்டகைக்குள் ஒதுங்கி நின்றோம். மாஷ் ஒரு கேள்வி கேட்டார், பழக்கதோஷம்! "ரேடியோல பத்து சென்டிமீட்டர் மழைன்னு சொல்றான். தொட்டியில தண்ணி எவ்வளவு உயரும்?"

"பத்து சென்டிமீட்டர்" என்றேன்.

"தொட்டி மட்டும் இருந்தா சரி. பாத்தி?"

அங்கேதான் விஷயம் இருக்கிறது. 14 சதுர மீட்டர் பாத்தியில் விழும் மழையும் குழாய் வழியாகத் தொட்டிக்குத்தான் வந்து சேரும். பாத்திகளைத் திறந்து வைத்திருந்தால் தொட்டி 10 சென்டிமீட்டருக்குப் பதில் 30 சென்டிமீட்டர் உயரும். அதாவது 2,100 லிட்டர் புதுத் தண்ணீர். 7,000 லிட்டர் தொட்டியில் ஒரே நாளில் முப்பது சதவிகிதம். மாதக் கணக்கில் மீன் தின்று சேர்த்த சத்து நீர்த்துப்போய், தொட்டி வழிந்து, ஓடையில் போகும். அது போதாதென்று பாத்தியில் தண்ணீர் வரத்து கூடிவிட்டால் சைஃபன் குழம்பிப்போய் நிற்காமல் ஒழுகிக்கொண்டே இருக்கும். நிரம்பி வடிகிற தாளம் போனால் வேருக்குக் காற்று கிடைக்காது.

அதனால் மாஷ் பாத்திகளுக்கு மட்டும் கூரை போட்டிருக்கிறார். கேரள விவசாயிகள் மழைக்காலக் காய்கறிக்குப் பயன்படுத்தும் 'ரெயின் ஷெல்டர்' போலத்தான். இரும்புக் குழாயை வளைத்து, மேலே புற ஊதாக் கதிரைத் தாங்கும் 200 மைக்ரான் பாலித்தீன் ஷீட். பச்சை நிழல்வலை போட்டவர்களும் உண்டு. வலை வெயிலைத்தான் குறைக்கும், மழை அதன் வழியே தாராளமாக இறங்கும். ஷீட்டின் பக்கங்களை மூடவே கூடாது என்பது மாஷின் கட்சி. மூடினால் புழுக்கம், புழுக்கத்தில் பூஞ்சணம். தவிர, கடல் ஒரு கிலோமீட்டரில் இருக்கிறது. பக்கமும் மூடிய கூடாரத்தைக் காற்று பாய்மரம் போலத் தூக்கிக்கொண்டு போய்விடும். திறந்த பக்கம் வழியாக ஓரத்துச் செடிகள் கொஞ்சம் நனையும், நனையட்டும்.

தொட்டிக்குக் கூரை இல்லை. நீர்க்காகத்துக்குப் பயந்து ஒரு வலை மட்டும். 10 சென்டிமீட்டர் மழைக்கு 700 லிட்டர்தான் சேரும், பத்தில் ஒரு பங்கு. அதைத் தாங்க விளிம்பிலிருந்து ஒரு சாண் இடம் விட்டே தண்ணீர் நிறுத்துகிறார். கூரையிலிருந்து வடியும் மழைநீர் தகரக் கால்வாய் வழியாக 5,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டிக்குப் போகிறது. இடவப்பாதி தொடங்கிப் பத்துப் பதினைந்து நாளில் அது நிரம்பிவிடும். மாசியில் கிணறு உப்பத் தொடங்கும்போது, ஆவியாகிப் போகிற தண்ணீரை ஈடுகட்ட இதுதான் கைகொடுக்கிறது. ஒரு மாதம், ஒன்றரை மாதம் வரை ஓட்டலாமாம். ஜிலேபிக் கெண்டை உப்பைப் பொறுத்துக்கொள்ளும், பயறு பொறுக்காது.

தொட்டியை ஏன் தரைக்கு மேலே கட்டினீர்கள், குழி வெட்டி ஷீட் விரித்தால் செலவு குறையுமே என்று கேட்டேன். சேச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல் தொட்டி அப்படித்தான் இருந்ததாம். ஜூன் மாதம் நிலத்தடி நீர் ஏறி, ஷீட்டுக்கு அடியில் ஊறி, தொட்டியின் நடுவில் ஷீட் யானை முதுகு போல எழும்பி நின்றதாம். "ஆன, ஆன" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து வேடிக்கை பார்த்தார்களாம். நீர்மட்டம் உயரும் ஊர்களில், அது கடலூரோ நாகப்பட்டினமோ, குழி வெட்டுவதற்கு முன் இந்த யானையை நினைத்துக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்பு செய்த வேலை

வெள்ளம், காற்று எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற எதிரிகள். மழை கொண்டுவரும் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. இதை மாஷ் சொன்னபோது குரல் கொஞ்சம் இறங்கியது.

அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் வேலையில் அமிலம் உண்டாகிறது. அதைச் சமன்செய்யத் தண்ணீரில் கரைந்திருக்கும் காரத்தன்மை செலவாகிறது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏறக்குறைய 7 கிராம் சுண்ணாம்புக் கல்லுக்குச் சமமான காரத்தன்மை தேவை. கிணற்று நீரில் அது கொஞ்சமாவது இருக்கும். மழைநீரில் கிட்டத்தட்டப் பூஜ்யம். ஒரு வாரம் அடைமழை பெய்தால் இருப்பதும் கழுவிக்கொண்டு போய்விடும். பி.ஹெச். 7-லிருந்து 6-க்கு இறங்கும், அதற்கும் கீழே சறுக்கும். 6-க்குக் கீழே போனால் நுண்ணுயிர்கள் சோம்பிவிடும். அம்மோனியா மாறாமல் தேங்க ஆரம்பிக்கும்.

ஆனால் மீன் சாகாது. அதுதான் ஏமாற்று. அமிலத் தண்ணீரில் அம்மோனியா பெரும்பாலும் விஷமில்லாத அம்மோனியம் வடிவில் இருக்கும். பி.ஹெச். 7-லேயே நூறில் ஒரு பங்குக்கும் குறைவுதான் விஷ வடிவம். 9-க்குப் போனால், நம் ஊர்த் தண்ணீரின் சூட்டில், நூறில் நாற்பது பங்கு வரை விஷமாக மாறிவிடும்.

மாஷ் தொடங்கிய இரண்டாவது வருடம். பத்து நாள் விடாத மழை. மீன்கள் தீனி எடுக்கவில்லை. சோதித்துப் பார்த்தால் பி.ஹெச். 5.5. பயந்துபோய், வீட்டில் பூச்சுக்கு வைத்திருந்த நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து வாளி வாளியாக ஊற்றினார். சாயங்காலம் பி.ஹெச். 8-ஐத் தாண்டிவிட்டது. தேங்கியிருந்த அம்மோனியத்தில் ஒரு பகுதி விஷமாகத் திரும்பியது. விடியும்போது தொட்டி முழுக்க வெள்ளை வயிறுகள்.

"முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு இந்தச் சமன்பாட்டைப் போர்டுல எழுதியிருக்கேன்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. சேச்சிதான் பேசினார். மகன் வளைகுடாவிலிருந்து அனுப்பிய பணத்தில் போட்ட தொட்டி அது. இத்தோடு மண்ணைப் போட்டு மூடிவிடலாம் என்று அவர் சொல்ல, மாஷ் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் ஒரு வெங்காய மூட்டை வலையோடு வந்தாராம். அதற்குள் கிளிஞ்சல்.

வேம்பநாட்டுக் காயலில் கறுப்புக் கக்கா அள்ளுவது பலரின் பிழைப்பு. சதையைச் சமைத்துவிட்டு ஓட்டைச் சுண்ணாம்புச் சூளைக்கு விற்பார்கள். அந்த ஓட்டைக் கழுவி, வலைப்பையில் கட்டி, தொட்டியில் தண்ணீர் விழும் இடத்தில் தொங்கவிட்டிருக்கிறார். தண்ணீர் புளிக்கப் புளிக்க ஓடு கரையும். பி.ஹெச். 7-ஐ நெருங்கியதும் கரைவது தானாகவே மந்தமாகிவிடும். அளவுக்கு மீறிப் போக அதற்குத் தெரியாது. சுண்ணாம்பு வாளிக்கும் கிளிஞ்சல் பைக்கும் வேதிப்பொருள் கிட்டத்தட்ட ஒரே குடும்பம்தான், வேகம்தான் வேறு. மழை மாதங்களில் நாலு பை, வெயிலில் ஒரு பை. காலையில் பல் தேய்த்ததும் பி.ஹெச். பார்த்துச் சமையலறை காலண்டரில் எழுதுகிறார். ஜூன் மாதக் கட்டங்களைப் பார்த்தேன். 6.8, 6.8, 6.6, 6.4. பக்கத்தில், "பை மாற்றினேன்". பிறகு 6.7.

மழை நாளில் தீனியையும் பாதியாகக் குறைத்துவிடுகிறார். வெயில் காலத்தில் 30 டிகிரி இருக்கும் தண்ணீர் 25, 26-க்கு இறங்கினால் மீனுக்குப் பசி குறையும். தின்னாத தீனி அழுகி அம்மோனியாவைத்தான் கூட்டும். வெயில் இல்லாததால் செடியும் மெதுவாகத்தான் இழுக்கும். மூன்று மாதம் எல்லாமே அரை வேகம். இந்த மாதங்களில் விளைச்சல் கணக்குப் பார்ப்பவர்கள்தான் முதலில் தொழிலை விடுகிறார்கள் என்பது மாஷின் அனுபவம்.

ஓடைக்குள் போகக் கூடாத மீன்

வழிந்தோடும் குழாயின் முனையில் அவர் காட்டிய ஒரு சமாச்சாரம், எனக்கு இந்தப் பயணத்திலேயே முக்கியமாகப் பட்டது. துளையிட்ட பைப், அதன்மேல் கொசுவலை போன்ற மெல்லிய எஃகு வலை இரண்டு சுற்று. அதற்கு அப்பால் இன்னொரு வாளி, அதிலும் வலை.

ஜிலேபிக் கெண்டை நம் நாட்டு மீன் அல்ல. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த மொசாம்பிக் திலாப்பியா 1952-இல் இந்தியாவுக்குள் வந்தது. குளத்துக்குக் குளம் பரவி, உள்ளூர் மீன்களை நெருக்கித் தள்ளியது. இப்போது தொட்டிகளில் வளர்ப்பது 'கிஃப்ட்' என்னும் மேம்படுத்தப்பட்ட நைல் திலாப்பியா. 1988-இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய ஆராய்ச்சியில் உருவான ரகம். வேகமாக வளரும். அதனாலேயே அரசு அனுமதி வாங்கித்தான் வளர்க்க வேண்டும், குஞ்சு தப்பாதபடி வலைகள் இருக்க வேண்டும் என்று விதி.

மாஷின் வேலிக்கு அப்பால் ஓடை. ஓடைக்கு அப்பால் பொக்காளி வயல். அங்கேதான் கரிமீனும் இறாலும் வாழ்கின்றன. கேரளத்தின் மாநில மீன் கரிமீன். ஒரே ஒரு பெருமழை இரவில் தொட்டி வழிந்து நாலு மீன் ஓடையில் இறங்கினால், பக்கத்து வயல்காரருக்குத் தெரியாமலே அவர் வயிற்றில் கை வைத்ததாகிவிடும். மழையில் வலை இலைதழையால் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் தொட்டி விளிம்பு வழியாகவே தண்ணீர் வழியும். அதனால் அடைமழை இரவுகளில் பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் டார்ச்சோடு எழுந்துபோய் வலையைத் துடைக்கிறார்கள். பதினோரு மணி மாஷ், மூன்று மணி சேச்சி. இதைச் சொல்லும்போது சேச்சி முகத்தில் சலிப்பே இல்லை. மூட்டுவலி இருப்பது மட்டும் உண்மை.

கரிமீனையே வளர்த்தால் என்ன? வளர்க்கலாம், சிலர் வளர்க்கிறார்கள். வளர்ச்சி மெதுவாக இருக்கும், விலை நன்றாக இருக்கும். மாஷ் அடுத்த வருடம் பாதித் தொட்டிக்கு அதை விட்டுப் பார்க்கும் யோசனையில் இருக்கிறார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஓடைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு ஓடையில் பிறந்த மீன்தான் பொருத்தம்.

கரன்ட் விஷயத்துக்கு வருவோம். பம்ப் 60 வாட், காற்றடிக்கும் ஏர் பம்ப் 35 வாட். இருபத்து நாலு மணி நேரமும் ஓடுவதால் நாளுக்கு இரண்டேகால் யூனிட். மாதம் எழுபது யூனிட்டுக்குச் சற்றே குறைவு. மழைக்காற்றில் தென்னை மட்டை கம்பியில் விழுந்தால் மணிக்கணக்கில் கரன்ட் இருக்காது. தண்ணீர் சுற்றுவது நாலு மணி நேரம் நின்றால் செடி பொறுக்கும். காற்று நின்றால் மீன் பொறுக்காது. அதனால் பழைய கார் பேட்டரி ஒன்றை ஏர் பம்ப்புக்கு மட்டும் இணைத்திருக்கிறார். டி.வி.க்கு இன்வெர்ட்டர் கிடையாது. பேரப்பிள்ளைகள் வந்தால் இதில்தான் சண்டை!

பூச்சி மருந்து எதுவும் அடிக்க முடியாது. வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் கூடத் தொட்டியில் சொட்டினால் மீனுக்கு ஆகாது. அசுவினி வந்தால் கையால் நசுக்குவதுதான். சிவப்புக் கீரையில் மழைக்காலத்தில் வெள்ளைப் புள்ளி விழும் இலைப்புள்ளி நோய் இங்கே பிரசித்தம். அதற்கு ஒரு வழி, நம் கோயம்புத்தூர் பல்கலைக்கழகத்தின் கோ-1 பச்சைக் கீரையை நடுநடுவே கலந்து போடுவது. அது நோயைத் தாங்கும், பரவலையும் தடுக்கும். ஜல்லியில் தண்ணீர் மேல்மட்டத்துக்கு இரண்டு விரல் கீழேயே நிற்பதால் கொசுவும் முட்டை வைப்பதில்லை. டெங்குக்கு அஞ்சும் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

லாபம் வருமா என்று கேட்காமல் வந்தால் ஆசிரியர் இலாகாவில் கேட்பார்கள். கேட்டேன். "தீனி, கரன்ட், குஞ்சு எல்லாம் கழிச்சா வீட்டுக்கு மீனும் காயும் சும்மா கிடைக்கும். கூரைக்கும் தொட்டிக்கும் போட்ட காசு திரும்ப வருமான்னு கேட்டா, எனக்கு இப்ப எழுபது வயசு" என்றார் மாஷ். விற்பனைக்குச் செய்பவர்கள் இதைப் போல் பல மடங்கு பெரிதாகச் செய்ய வேண்டும், ஆள் வைக்க வேண்டும், ராத்திரி மூன்று மணிக்கு எழுந்திருக்கும் சேச்சிக்குச் சம்பளமும் போட வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்குத் தொட்டியிலிருந்து இரண்டு மீன். அவற்றை முந்தின நாளே தனித் தொட்டியில் நல்ல தண்ணீரில், தீனி போடாமல் விட்டிருந்தார்கள். சேற்று வாடை போக அதுதான் வழியாம். மிளகும் மஞ்சளும் தடவித் தேங்காய் எண்ணெயில் வறுத்தது ஒன்று, குடம்புளி போட்ட குழம்பு ஒன்று, கோ-1 கீரைத் தோரன், மோர். ஜிலேபிக் கெண்டை என்றால் முகம் சுளிக்கும் எங்கள் வீட்டாருக்கு இதை ஒரு துண்டு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் போலிருந்தது.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. செராய் கடற்கரை மழைக்காலத்தில் குளிப்பதற்கு இல்லை, அலை மோசம். பார்த்துவிட்டு வரலாம். பள்ளிப்புரம் கோட்டைக்கு அரை மணி நேரம் போதும். தோட்டம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள், வீட்டுக் கொல்லை அது. செருப்பை வெளியே விட்டு, கையைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். சோப்புப் போட்ட கையைத் தொட்டிக்குள் விட்டால் சேச்சிக்குக் கோபம் வரும்.

நான் கிளம்பும்போது நாலரை மணி. ரேடியோவில் எர்ணாகுளம், இடுக்கி மாவட்டங்களுக்கு ஆரஞ்சு எச்சரிக்கை சொன்னார்கள். மாஷ் ஏணியைச் சாய்த்துக் கூரையின் கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கட்ட ஆரம்பித்தார். சேச்சி டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டுக்கொண்டிருந்தார்.